முசலுக்கும் முசல்லாவுக்கும் நடுவுல ஒரு பேசின்

முயல் வளர்க்கிறதுல சல்லி எங்க போகுது எண்டு கேட்டா எல்லாரும் சாப்பாட்டுக்கு எண்டுதான் நினைப்பாங்க. எங்கட பக்கம் சாப்பாட்டுக்கு ஒரு சதம் செலவில்ல. வாய்க்கால் கரையெல்லாம் கினிப்புல், வேலியில முருங்கை. பின்னேரம் ஒரு கட்டு அறுத்தா முடிஞ்சிது. செலவு வாய்ப் பக்கம் இல்ல, மற்றப் பக்கத்துல. வீட்டுக்குள்ள இருக்கிற முயலுக்கு ஒண்டுக்கு ரெண்டுக்குப் போக ஒரு தட்டு வேணும். அந்தத் தட்டுக்குள்ள ஈரத்தை உறிஞ்சுறதுக்கு ஏதாவது போடணும். அந்த ஏதாவதுக்கு எங்கட பாஷையில இன்னும் ஒரு பேர்கூட இல்ல. கடையில லிட்டர் எண்டாங்க. பாலளக்கிற லீற்றரா எண்டு உம்மா கேட்டாங்க.

இந்தக் கட்டுரை அந்தப் பேரில்லாத சாமானைப் பற்றியது. அதைச் சல்லி குடுக்காம எப்படிச் சமாளிக்கலாம் எண்டு வரிப்பத்தான்சேனையில ஒரு வீட்டுல ஏறக்குறைய ஒரு வருஷமா நடக்கிற ஆராய்ச்சி. நாங்க எண்டு எழுதுறது வீட்டுல இருக்கிற மூணு புள்ளைகளையும் சேர்த்துத்தான். காக்கா கம்பஸ் கூட்டாளி ஒருத்தரிட்ட இருந்து கொண்டு வந்த முயலுக்கு மூணு பேரும் பொறுப்பு. பேர் பஞ்சு.

முதல்ல பிரச்சினையைச் சொல்லணும். எங்கட வீட்டுல உம்மா தொழுற இடம் நடு அறையின்ட மூலையில. பஞ்சு இருக்கிறது அதுக்கு அடுத்த மண்டபத்துல. முயலைச் சாப்பிடுறது ஹலால்தான், ஆனா எங்கட ஊர் நடப்பு ஷாஃபி மத்ஹப். அதுல சாப்பிடக்கூடிய மிருகத்தின்ட மூத்திரமும் புழுக்கையும்கூட நஜீஸ்தான். நிலத்துல ஒரு சொட்டுப் பட்டாலும் கழுவணும். அதனால உம்மா முதல் கிழமையிலயே தீர்ப்புச் சொல்லிட்டாங்க: "முசலையும் முசல்லாவையும் ஒரு வீட்டுக்குள்ள வெக்கேலா." இதைச் சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சோம். ஆனா தீர்ப்பு தீர்ப்புதான். நோன்பு வாறதுக்குள்ள மணமும் ஈரமும் இல்லாம ஆக்கணும், இல்லாட்டி பின் வளவுல கூடு. பின் வளவுல கூடு எண்டா என்ன எண்டு எங்களுக்குத் தெரியும். பக்கத்து வளவுல நாலு முயல் இருந்திச்சு. ஒரு ராவுல கீரி வந்து ரெண்டைக் கொண்டு போச்சு. மற்ற ரெண்டும் பயத்துலயே செத்திச்சு. முயல் அப்படித்தான், கடி படாமலே அதிர்ச்சியில செத்துப் போகக்கூடிய சாதி. ஆகவே இந்தத் தட்டுக்குள்ள என்ன போடுறம் எண்டது எங்களுக்குப் பொழுதுபோக்கான கேள்வி இல்ல.

கல்முனையில ஒரு கடையில பூனைக்கெண்டு விக்கிற களிமண் குருணை இருந்திச்சு. ஐந்து லீற்றர் பை ரெண்டாயிரம் ரூபாக்குக் கிட்ட. "முயலுக்கும் இதுதான்" எண்டு விக்கிறவர் சத்தியம் பண்ணாத குறை. ரோசாப்பூ வாசம் வேற. பையில எழுதியிருந்த கணக்குப்படி மாசத்துக்கு ரெண்டு பை தேவை. மஹாபொல புலமைப்பரிசிலை 2025 வரவுசெலவுத் திட்டத்துல 5,000 ரூபாவுல இருந்து 7,500 ஆக்கினாங்க. அந்தப் புதுக் கணக்கிலயே பாதிக்கு மேல முயலின்ட மூத்திரத்துக்குப் போகும். இறக்குமதிச் சாமானெண்டபடியா விலை டொலரோட சேர்ந்து ஓடுது. 2022 மார்ச் தொடக்கத்துல ஒரு டொலர் 200 ரூபா அளவுல இருந்திச்சு, மே மாசம் 360 வரை போச்சு. அரிசியே எட்டாம இருந்த காலத்துல பூனை மண்ணை ஆர் பார்த்தது?

ஆனா விலையை விட வேற ஒரு விசயம்தான் எங்களுக்கு உறைச்சிது. அந்தப் பை மாசச் சம்பளம் எடுக்கிற வீட்டுக்குச் செஞ்ச சாமான். எங்கட வாப்பா குத்தகைக் காணியில வெள்ளாமை செய்றவர். வீட்டுக்குச் சல்லி வாறது பெரும்போகம் ஒருக்கா, சிறுபோகம் ஒருக்கா. நடுவுல வாறதெல்லாம் கடன் கொப்பி. போகத்துக்குப் போகம் வருமானம் உள்ள வீட்டுல மாசத்துக்கு மாசம் ஒரு செலவு, அதுவும் எறியிறதுக்காக வாங்குற செலவு, எந்தப் பக்கத்தாலயும் பொருந்தாது. எங்களுக்கு வேண்டியது போகத்தோட வாற சாமான், ஒருக்கா ஏத்திப் போட்டா அடுத்த அறுவடை மட்டும் கிடக்கிற சாமான்.

இந்தக் களிமண் எங்கிருந்து வந்த பழக்கம் எண்டு தேடினா கதை நல்லா இருக்கு. 1947ல அமெரிக்காவின்ட மிச்சிகன் மாநிலத்துல எட் லோவ் எண்டவர் தன்ட வாப்பாவோட மரத்தூளும் எண்ணெய் உறிஞ்சுற களிமண்ணும் தொழிற்சாலைகளுக்கு வித்துக் கொண்டிருந்தார். அயல்வீட்டுப் பெண் ஒருத்தர் பூனைப் பெட்டிக்குக் கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். குளிர்ல மணல் உறைஞ்சு போச்சு, சாம்பல் போட்டுப் பார்த்தா பூனை வீடெல்லாம் கரிக்கால் பதிக்குது. லோவ் மணலுக்குப் பதிலா களிமண் குருணையைக் குடுத்தார். அதுக்கு முதல் அதே களிமண்ணைக் கோழி முட்டையிடுற கூட்டுக்கு விக்கப் பார்த்து எடுபடாம போனவர் அவர். பிறகு ஐந்து இறாத்தல் பை பத்தில பேர் எழுதி, பை ஒண்டு 65 சதம் எண்டு கடைக்குக் கொண்டு போனா, மணல் அவ்வளவு மலிவா இருக்கக்க இதை ஆர் வாங்குவாங்க எண்டு கடைக்காரர் கேட்டாராம். அப்ப சும்மா குடுங்க எண்டார் லோவ். எடுத்துப் போனவங்க திரும்பி வந்தாங்க, இந்த முறை சல்லியோட. 1990ல அந்த வியாபாரத்தை 200 மில்லியன் டொலருக்கு வித்தார்.

அந்தக் கடைக்காரரின்ட கேள்வி எங்களுக்குப் பிடிச்சிருக்கு. எங்கட ஊருக்கு அதைத் திருப்பிக் கேட்டா இப்படி வரும்: உமியும் வைக்கலும் மரத்தூளும் இவ்வளவு கிடக்கக்க அந்த மண்ணை ஆர் வாங்குவாங்க?

அதோட அந்த மண் முயலுக்கு ஆகவும் ஆகாது. பூனை போயிட்டு மூடிட்டுப் போயிரும். முயல் அங்கயே குந்திக்கொண்டு சாப்பிடும். சாப்பிடுறதும் போறதும் அதுக்கு ஒரே நேரத்து வேலை. தட்டுல கிடக்கிறதையும் கொறிக்கும். ஈரம் பட்டாக் கட்டியாகிற வகைக் களிமண் வயித்துக்குள்ள போனா அங்கயும் அதே வேலையைத்தான் பார்க்கும். முயலுக்குச் சத்தியெடுக்கவும் ஏலாது, உள்ள போனது மற்றப் பக்கத்தால வந்துதான் ஆகணும். முயலின்ட தட்டுக்குள்ள போடுற எதையும் "இதை இது திண்டா என்ன நடக்கும்" எண்ட ஒரு கேள்விக்குள்ளால விட்டுத்தான் எடுக்கணும். எங்கட ஆராய்ச்சியில பாதி இதுதான்.

முதல் ஆள் உமி. நெல்லின்ட நிறையில ஏறக்குறைய அஞ்சில ஒரு பங்கு உமி. அம்பாறை மாவட்டத்துல அதுக்குப் பஞ்சம் வந்தா உலகத்துல எங்கயும் பஞ்சம்தான். ஆனா மில்லுக்குப் போய் "சும்மா அள்ளிட்டுப் போறம்" எண்ட காலம் முடிஞ்சிது. நெல் அவிக்கிற மில்லுகள் பொயிலருக்கு உமியையே எரிக்கிறாங்க, கல்லுச் சூளைக்காரங்களும் லொறியோட வந்து நிக்கிறாங்க. எண்டாலும் தெரிஞ்ச புள்ளைகளுக்கு ஒரு உரப்பை உமி இன்னும் கிடைக்கும். கொண்டு வந்து பேசின்ல ரெண்டங்குலம் பரப்பினோம். பார்க்க அழகு. பஞ்சு ஏறி நிண்டு ஒண்டுக்குப் போச்சு. மூத்திரம் ஒரு தயக்கமும் இல்லாம நேரா அடிக்குப் போய்த் தேங்கிச்சு. உமியில சிலிக்கா கூட, மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு, தண்ணியைக் குடிக்கவே குடிக்காது. நெல்லை மழையில இருந்து காக்கிறதுதானே அதின்ட வேலை. அந்தக் குணத்துக்காகத்தான் கோழிக்கூட்டுக்கு அது நல்லது, எப்பவும் மேல் பக்கம் காய்ஞ்சு கிடக்கும். முயல் கோழியை மாதிரி இல்ல, ஒரே மூலையில ஊத்தும். ஒற்றை ஆளா உமி தேறல்ல. மனசுல ஒரு குறிப்பு மட்டும் வெச்சுக்கொண்டோம்: மேல் பக்கம் காய்ஞ்சு கிடக்கும்.

அடுத்தது பேப்பர். வெளிநாட்டு ஆலோசனைகள்ல முதல் இடம் பழைய பத்திரிகைக்குத்தான், சும்மா கிடைக்குமாம். எங்களுக்குச் சும்மா கிடைக்கல்ல. 2022 மார்ச்சில கடதாசித் தட்டுப்பாட்டால தி ஐலண்ட், திவயின பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பையே அச்சடிக்காம விட்டாங்க. மேல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்கள்ல தவணைப் பரீட்சையைத் தள்ளி வெச்சாங்க. அண்டையில இருந்து பழைய பேப்பரும் ஒரு சொத்து. கடைக்காரங்க சாமான் சுத்தக் கேட்டு வருவாங்க. அதை விடப் பெரிய சிக்கல், எங்கட பேப்பர்ல அல்லாஹ்வின்ட பேர் இருக்கும். வெள்ளிக்கிழமைப் பக்கத்துல ஆயத்து, ஹதீஸ். ஜனாஸா அறிவித்தல்ல இன்னா லில்லாஹி. நோன்பு காலத்துல பக்கத்துக்குப் பக்கம். நபிமார்ட பேர் உள்ள ஆக்கள் எத்தனை பேர், ஒரு விளையாட்டுச் செய்தியில மட்டும் நாலு முஹம்மத் வரும். இதையெல்லாம் முயல்ட தட்டுக்குள்ள விரிக்கேலுமா? தங்கச்சி கத்தரிக்கோலோட இருந்து ஒவ்வொரு பக்கமா வாசிச்சு வெட்டினா. ஒரு வாரப் பேப்பருக்கு ஒரு மணித்தியாலம் போச்சு. அவ சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற புள்ள. பொது அறிவு கூடிச்சு எண்டு காக்கா சொன்னார்.

கம்பஸ் டியூட்டுகள் ஒரு நல்ல மாற்று. அரசியல் விஞ்ஞானத்துல ரெண்டாம் வருஷக் கட்டு ஒண்டு முழுசா உறுத்தலில்லாமப் போச்சு. அரபு, இஸ்லாமிய நாகரிகக் குறிப்புகளை மட்டும் பிரிச்சு அலுமாரிக்கு மேல வெச்சம். ஆனா வெறும் கடதாசி ஈரத்தைக் குடிச்சுட்டு அப்படியே ஊறிப்போய் கிடக்கும், பஞ்சு அதைக் கிழிச்சு வாயில தூக்கிக்கொண்டு ஓடும். அடியில ரெண்டு தாள் விரிக்கிறதுக்கு மட்டும் அது போதும்.

சாம்பலைப் பற்றி உம்மம்மா சொன்னாங்க. அந்தக் காலத்துல புள்ளை போனாலும் பூனை போனாலும் சாம்பல்தான். புழுக்கைக்கு அது சரி, மூத்திரத்துக்குச் சரியில்ல, முயல் மூத்திரத்துக்கு அறவே சரியில்ல. அதுக்குக் காரணம் இருக்கு. மூத்திரம் புதுசா இருக்கக்க பெரிசா நாறாது. அதுல இருக்கிற யூரியாவைப் பக்ரீறியாக்கள் உடைச்சு அமோனியாவாக்கினாத்தான் அந்த மூக்கைப் பிடுங்குற மணம். அதுக்கு நேரம் எடுக்கும். முயல் மூத்திரம் ஏற்கனவே காரத்தன்மையானது, சாம்பலும் காரம். காரம் கூடக் கூட, கரைஞ்சு கிடக்கிற அமோனியா வாயுவாகக் கிளம்பி வெளியில வரும். பழைய ஈரத்துக்கு மேல சாம்பல் போட்டா மணத்தைக் கூப்பிட்டு விடுற மாதிரி. ஒரு நாள் செஞ்சு பார்த்தம், உம்மம்மாவே முந்தானையால மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிட்டாங்க.

தும்புத்தூள் தண்ணி குடிக்கிறதுல எல்லாரையும் விடக் கெட்டிக்காரன், தன்ட நிறையைப் போல பல மடங்கு குடிக்கும். ஆனா காய்ஞ்சா பறக்குது, நனைஞ்சா பஞ்சுட வெள்ளைக் காலைத் தேத்தண்ணிக் கலராக்குது. உம்மாவின்ட வெள்ளைச் சீலையில ஒரு கால் அடையாளம் விழுந்த அண்டோட அது பூச்சட்டிக்குப் போச்சு.

மிஞ்சினது மரத்தூள். இதுலதான் நிண்டம், ஆனா கண்ணை மூடிக்கொண்டு இல்ல. மர ஆலையில ரெண்டு வகை வரும். வாள் அறுக்கிற இடத்துல மா மாதிரித் தூள், சீவுளி ஓடுற இடத்துல சுருள் சீவல். தூள் கூடக் குடிக்கும், ஆனா முயல் மூக்கால மட்டும் மூச்சு விடுற பிராணி. வாயால விட அதுக்கு வராது. நுண்தூள் மூக்குல ஏறினா தும்மல்ல தொடங்கி நெஞ்சு வரைக்கும் போகும். ஆகவே தூளை அரிதட்டுல அரிச்சு மாவை எடுத்துட்டு, மிச்சத்தோட சீவலைக் கலக்கணும். அடுத்தது என்ன மரம் எண்டது. பைன், சீடர் மாதிரி வாசமுள்ள மெல்மரங்கள்ல பினோல் எண்ட ஒரு சாமான் ஆவியாகும், அது ஈரலுக்குக் கெடுதி. நல்ல வாசம் எண்டு நாங்க நினைக்கிறது அதுக்கு விஷம். ஒட்டுப்பலகைத் தூள்ல பசை இருக்கும், பூச்சிமருந்து போட்ட பலகைத் தூள் சொல்லவே தேவையில்ல. அதனால ஆலைக்குப் போனா சும்மா அள்ளாம, இண்டைக்கு என்ன மரம் ஓடினது எண்டு கேட்கணும். தேக்கு, மா, பலா எண்டா எடுப்பம். முதல் நாள் கேட்டப்ப அவங்க சிரிச்சாங்க. இப்ப நாங்க போனாலே "இண்டைக்குப் பைன், நாளைக்கு வாங்க புள்ள" எண்டு தூரத்துல இருந்து சத்தம் வரும்.

கனடாவில, இங்கிலாந்துல இருக்கிற எங்கட ஆக்கள் இதே மரத்தூளைத்தான் வேற உருவத்துல வாங்குறாங்க. குளிருக்கு அடுப்புல எரிக்கவும் குதிரை லாயத்துல பரப்பவும் விக்கிற மரத்தூள் குச்சி உருண்டை. பூனைச் சாமானை விட எவ்வளவோ மலிவு. சூட்டுல அமுக்கிச் செய்றபடியா பினோலும் பெரும்பாலும் போயிரும், ஈரம் பட்டா விரிஞ்சு தூளாகும். ஆக, அங்கயும் முயல் வளர்க்கிறவங்க செல்லப்பிராணிக் கடையைத் தாண்டி விறகுக் கடைக்குத்தான் போயிருக்காங்க. 1988ல கலிபோர்னியாவில முயலுக்கெண்டே தொடங்கின ஒரு சங்கம் இருக்கு, ஹவுஸ் ரபிட் சொசைட்டி எண்டு பேர். கூட்டுக்குள்ள அடைச்சு வெக்காம வீட்டுக்குள்ள தட்டுப் பழக்கி வளர்க்கிறதை ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவங்க அவங்க. அவங்க சொல்ற முதல் புத்தி முயலுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யணும் எண்டது, செய்யாட்டி அங்கங்க அடையாளம் வெச்சுக்கொண்டே திரியும். எங்களுக்கு அது கையெட்டுற தூரத்துல இல்ல. பஞ்சு பொட்டை எண்டபடியா ஓரளவு தப்பினோம்.

இவ்வளவு தூரம் வந்தும் மரத்தூள் ரெண்டு நாளுக்கு மேல நிக்கல்ல. பஞ்சு கிண்டும். கிண்டினா ஈரமும் காய்ஞ்சதும் கலக்கும், கலந்தா முழுப் பேசினையும் கொட்டணும். உரப்பை ஒண்டு பத்து நாள்ல முடிஞ்சு போகும். சும்மா கிடைக்கிற சாமான் எண்டாலும் முச்சக்கர வண்டிக்குச் சல்லி வேணும்தானே. உண்மையான மிச்சம் எங்க இருக்கு எண்டு இந்த இடத்துலதான் விளங்கிச்சு. மலிவான சாமானைத் தேடுறதை விடக் குறைய சாமான் போடுறதுதான் விசயம். மாமி வீட்டுக் கோழிக்கூட்டுல முட்டைக் கோழி நிக்கிறது கம்பித் தட்டுல, எச்சம் கீழ விழும், கோழி அதைத் தொடாது. அதைப் பார்த்துட்டு வந்து, மரக்கறி ஏத்துற பிளாஸ்டிக் கூடை உடைஞ்சது ஒண்டை எடுத்து அடியை மட்டும் அளவா வெட்டி, பேசினுக்குள்ள ஒரு அங்குலம் உயரத்துல இருக்கிற மாதிரி வெச்சம். கம்பி வலை போடக்கூடாது. முயலுக்குப் பூனை, நாய் மாதிரி உள்ளங்காலில மெத்தை இல்ல, உரோமம் மட்டும்தான். கம்பியில நிண்டா பாதம் புண்ணாகும். பிளாஸ்டிக்குக்கு மேலயும் ஒரு கை வைக்கல் போடணும்.

இப்ப இருக்கிற ஒழுங்கு இதுதான். அடியில ரெண்டு தாள் டியூட். அதுக்கு மேல அரை அங்குலம் மரத்தூள், மூலையில மட்டும் ஒரு அங்குலம். அதுக்கு மேல கூடை அடி. அதுக்கு மேல உமி ஒரு பிடியும் வைக்கலும். உமி தன்ட குணத்துக்கு ஏத்த வேலையை இப்பத்தான் செய்யுது, மூத்திரத்தைக் கீழ விட்டுட்டு மேல காய்ஞ்சு கிடக்குது. பேசின்ட ஒரு ஓரத்துல காய்ஞ்ச கினிப்புல்லைக் கட்டித் தொங்க விடணும், அதைத் திங்கிறதுக்கெண்டே பஞ்சு ஏறி இருக்கும், இருந்தா வேலை தன்பாட்டுல நடக்கும். தட்டுப் பழக்கம் எண்டு புத்தகத்துல பக்கம் பக்கமா எழுதுறதின்ட சாரம் இவ்வளவுதான். பத்து நாள்ல முடிஞ்ச பை இப்ப ஒண்டரை மாசத்துக்கு மேல போகுது.

வைக்கல் எல்லாத்தையும் எடுக்கேலா. களைகொல்லி கடைசி நேரத்துல அடிச்ச வயல் எண்டா வேணாம், அதை வாப்பாட்ட கேட்டாத் தெரியும். மெசின் வெட்டினாப் பிறகு வயல்ல சும்மா கிடந்து நெருப்பு வைக்கிற வைக்கல்தான், ரெண்டு கட்டு எடுக்கிறதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்றதில்ல.

மணத்துக்கு வினாகிரி. முயல் மூத்திரத்துல கல்சியம் கூட, அதனாலதான் காய்ஞ்சா வெள்ளையா சுண்ணாம்பு மாதிரிப் படியும். சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சாலும் போகாது, கை வலிக்கிறதுதான் மிச்சம். வினாகிரி ஊத்திக் கால் மணித்தியாலம் விட்டா நுரைச்சுக் கொண்டு கழண்டு வரும். காரத்தை அமிலம் அடக்கிறபடியா அமோனியாவும் கிளம்பாது. கிழமைக்கு ஒருக்கா இதைச் செஞ்சு மூணு தரம் தண்ணி ஊத்துறம். மூணு தரம் எண்டது உம்மாவின்ட நிபந்தனை. தினமும் காலையில ஈர மூலையை மட்டும் ஒரு பழைய கரண்டியால வழிச்சு எடுத்துப் புதுத் தூள் போடுறம். யூரியா அமோனியாவாகிறதுக்கு முதல் எடுத்துட்டா வாசனைச் சாமானே தேவையில்ல.

எடுத்ததை எங்க கொட்டுறது எண்டதும் செலவுக் கணக்குத்தான். பூனை மண் எண்டா பையில கட்டிக் குப்பை வண்டிக்குக் குடுக்கணும். எங்கட மாவட்டத்துல குப்பை எங்க போகுது எண்டது உலகத்துக்கே தெரிஞ்ச கதை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுல பிளாஸ்டிக்கைத் திண்டு எட்டு வருஷத்துல ஏறக்குறைய 20 யானை செத்திருக்கு எண்டு 2022 ஜனவரியில படத்தோட செய்தி வந்திச்சு. சுத்தி இருக்கிற ஒன்பது ஊர்க் குப்பை அங்க. இன்னொரு கட்டின பையை அங்க அனுப்புறதுக்கு மனம் வரல்ல.

நாங்க எடுக்கிறது முழுக்க மக்குற சாமான். முயல் புழுக்கையை மாட்டெரு மாதிரி மாசக்கணக்கா ஆறப் போடத் தேவையில்ல, நேரா செடி அடியில போடலாம், சூடு பிடிக்காது. நைட்ரஜனும் மாட்டெருவை விடக் கூட. மூத்திரம் குடிச்ச மரத்தூளைத்தான் கொஞ்சம் பொறுத்து விடணும். பச்சைத் தூள் மக்கிறதுக்கு மண்ணில இருக்கிற நைட்ரஜனையே இழுத்துக்கொள்ளும். மூலையில குழி வெட்டிப் போட்டு, மேல இலை குழை போட்டு, மூணு நாலு மாசம். உமி மட்டும் அதுக்குப் பிறகும் அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். முதல்ல உம்மாவின்ட கத்தரிக்குப் போட்டம். பிறகு வாப்பா ஒரு நாள் ஒண்டும் சொல்லாம ரெண்டு வாளி அள்ளி மிளகாய்ப் பாத்திக்குக் கொண்டு போனார். 2021 மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாள்ல நிப்பாட்டி, நவம்பர் மட்டும் வெள்ளாமைக்காரங்களை அலைய வெச்ச காலத்துல, சாணத்துக்கு விலை பேசித் திரிஞ்சவர் அவர். "அப்ப இந்த முசல் இருந்திருக்கோணும்" எண்டார். ஒரு முயல் ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு புழுக்கை போடும், அதை வெச்சு ஒரு ஏக்கருக்கு எத்தனை முயல் எண்டு காக்கா கணக்குப் பார்க்கத் தொடங்கினார். தங்கச்சி கல்குலேட்டரைப் பறிச்சிட்டா.

சல்லி மிச்சம் எண்டு எழுதிட்டு வேலையைச் சொல்லாம விடேலா. ஒவ்வொரு நாளும் காலையில கால் மணித்தியாலம், கிழமைக்கு ஒரு மணித்தியாலம், மாசத்துக்கு ஒருக்கா மர ஆலைப் பயணம். தூளை ரெண்டு நாள் வெயில்ல காய வைக்கணும், கோழி கிண்டாம காவல் இருக்கணும். நாலாயிரம் ரூபாக்கு மாசத்துல இத்தனை மணித்தியாலமா எண்டு கேட்டா, சம்பளத்துக்கு வேலைக்குப் போற ஒருத்தருக்கு இது நட்டக் கணக்கு. பை வாங்குறவங்களைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு உரிமை இல்ல, அவங்க வாங்குறது நேரம். எங்களிட்ட இருந்தது நேரம்தான், சல்லி இல்ல. அந்த நேரமும் மூணு பேருக்குச் சரி சமமாப் பிரியுதா எண்டா இல்ல. காலை மூலையை வழிக்கிறது பெரும்பாலும் பொம்புளைப் புள்ளைகள்தான். காக்காவுக்கு ஆலைக்குப் போறது பிடிக்கும், அங்க கூட்டாளிமார் இருக்காங்க. இதை எழுதுறம் எண்டு அவருக்குச் சொல்லிட்டுத்தான் எழுதுறம்.

நோன்பு வந்து போச்சு. தராவீஹுக்கு அயல் பொம்புளைகள் ஆறு ஏழு பேர் எங்கட வீட்டுக்கு வந்து தொழுதாங்க. மண்டபத்துல முயல் இருக்கிறதே மூணாம் நாள்தான் ஒரு சாச்சிக்குத் தெரியும், அதுவும் பஞ்சு வைக்கல் கடிக்கிற சத்தத்தால. உம்மா தன்ட தீர்ப்பை வாபஸ் வாங்கல்ல, ஆனா பின் வளவுக் கூட்டைப் பற்றிய கதை பிறகு எழும்பல்ல. முசல்லாவை மட்டும் ஒரு முழம் சுவர்ப் பக்கம் தள்ளி விரிக்கிறாங்க.

இனி வாறது மாரி. நவம்பர்ல இருந்து ஜனவரி மட்டும் மரத்தூள் காயாது, நனைஞ்ச தூள் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் முயலுக்கு ஆகாது. அதனால ஒக்டோபர்லயே நாலு உரப்பை காய வெச்சுக் கட்டி, நெல் மூட்டைக்குப் பக்கத்துல பலகைக்கு மேல ஏத்தியாச்சு. உமி இன்னும் ஒரு பை வேணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு மில் திறந்த உடன போனா, சூளை லொறி வாறதுக்கு முதல் எடுத்துரலாம்.